நிமிடம் நிமிடமாகச் சேரும் தொழில்

ஸ்டாண்ட்-அப் காமெடியில் ஒருவரின் அனுபவத்தை ஆண்டுக் கணக்கில் யாரும் விசாரிப்பதில்லை. கையில் எத்தனை நிமிடம் இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். முன்பின் தெரியாத கூட்டத்தின் முன் எந்த நாளில் கொண்டுபோய் நிறுத்தினாலும் சிரிப்பு வரும் என்று நம்பிச் சொல்லக்கூடிய, சொந்தமாக எழுதிய சரக்கின் நீளமே அந்த நிமிடம். மூன்று நிமிடம் உள்ளவர் ஓபன் மைக் மேடை ஏறலாம். பதினைந்து நிமிடம் இருந்தால், காசு கொடுத்து வந்த கூட்டத்துக்கு முன்னால் இன்னொருவரின் நிகழ்ச்சியைத் தொடங்கி வைக்கலாம். ஒரு மணி நேரம் தேறிவிட்டால் தன் பெயரைப் போட்டு டிக்கெட் விற்கலாம். இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர் கற்க வேண்டியதெல்லாம் இந்த நிமிடங்களைச் சேர்ப்பதையும் காப்பதையும் விற்பதையும் பற்றியவை.

தனி ஆளாக நின்று கூட்டத்தைச் சிரிக்க வைப்பது தமிழ் மேடைக்குப் புதிதில்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருந்தான்; நாடகத்தில் பபூன் இருந்தார்; வில்லுப்பாட்டிலும் பட்டிமன்றத்திலும் நகைச்சுவை ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் கட்டியங்காரனுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பட்டிமன்றப் பேச்சாளருக்குத் தலைப்பும் அணியும் நடுவரும் உண்டு. சிரிப்பு வராத இடத்தில் அவர் கருத்துக்குத் திரும்பிவிடலாம். மிமிக்ரி கலைஞருக்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு குரல் துணை வரும். ஸ்டாண்ட்-அப் மேடையில் இவை எதுவும் இல்லை. தான் பார்த்ததை, தான் எழுதி, தன் பெயரிலேயே சொல்ல வேண்டும். சிரிப்பு வரவில்லை என்றால் ஒதுங்கிக்கொள்ள இடமில்லை. மற்ற மேடைகளில் நன்றாகப் பேசுகிறவர்கள்கூட இங்கே முதல் முறை தடுமாறுவது இதனால்தான்.

இன்றைய வடிவம் அமெரிக்காவின் பல்சுவை மேடைகளிலிருந்து கிளம்பி, நகைச்சுவைக்கென்றே திறக்கப்பட்ட கிளப்களில் வளர்ந்தது. நியூயார்க்கில் 1963-இல் இம்ப்ராவ், லாஸ் ஏஞ்சல்ஸில் 1972-இல் காமெடி ஸ்டோர், லண்டன் சோஹோ பகுதியில் 1979-இல் அதே பெயரில் வேறொரு கிளப். லண்டன் கிளப்பின் தொடக்க நாட்களில் கூட்டத்துக்குப் பிடிக்காத ஆளைச் சேகண்டி அடித்து இறக்கிவிடுவார்கள். இந்தியாவில் 2005-இல் வந்த 'தி கிரேட் இந்தியன் லாஃப்டர் சேலஞ்ச்' தொலைக்காட்சி வழியாக இந்தக் கலையை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. தமிழில் 'கலக்கப்போவது யாரு' பலருக்கு வாசல் திறந்தது. சிவகார்த்திகேயன் அந்த வாசல் வழியாக வந்தவர். 2010-இல் மும்பையில் காமெடி ஸ்டோர் தொடங்கிய பிறகு கிளப் பாணி இங்கே காலூன்றியது. சென்னையில் ஈவம் நாடகக் குழு அந்தப் பாணியைக் கையில் எடுத்தது. அரவிந்த் எஸ்.ஏ.வின் 'மெட்ராசி டா' 2017-இலும், அலெக்ஸாண்டர் பாபுவின் 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' 2019-இலும் அமேசான் பிரைமில் வந்தன. 2020-இல் 'காமிக்ஸ்தான் செம்ம காமெடி பா' என்ற போட்டி தமிழிலேயே நடந்தது. ஆக, இன்று தொடங்குகிறவருக்கு முன்னால் பாதை இருக்கிறது. அது குறுகலானது, ஆனால் நடந்து போனவர்களின் தடம் தெரிகிறது.

எழுத்து

முதல் வேலை மேடையில் இல்லை, நோட்டில் இருக்கிறது. நண்பர்கள் மத்தியில் கலகலப்பாகப் பேசுகிறவர் மேடையில் வெல்வார் என்பது பரவலான நம்பிக்கை. நண்பர்களுக்கு அவரைத் தெரியும், அவர் கிண்டல் செய்யும் ஆளையும் தெரியும். பாதிச் சிரிப்பு அந்தப் பழக்கத்திலிருந்து வருகிறது. மேடையில் அந்தப் பழக்கத்தை இருபது நொடியில் உண்டாக்கியாக வேண்டும். அதற்கு எழுத்து வேண்டும்.

ஒவ்வொரு ஜோக்கிலும் இரண்டு பகுதி உண்டு. செட்டப் கேட்பவரை ஒரு திசையில் நினைக்க வைக்கும். பஞ்ச் அந்த நினைப்பை உடைக்கும். பஞ்சைத் தொடர்ந்து, புதிதாக எதையும் விளக்காமல் அதே சூழலிலிருந்து எடுக்கும் கூடுதல் சிரிப்புக்கு டேக் என்று பெயர். முன்பு சொன்னதைப் பல நிமிடம் கழித்து எதிர்பாராத இடத்தில் திரும்பக் கொண்டுவருவது கால்பேக். பெயர்கள் ஆங்கிலம், ஆனால் கிராமத்துக் கதைசொல்லிகள் இவை எல்லாவற்றையும் பெயர் தெரியாமலே செய்துவந்தவர்கள்தான்.

தமிழில் எழுதுகிறவருக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலக் கையேடுகள் எல்லாம் சிரிப்பூட்டும் சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வை என்கின்றன. தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினையில் முடிகிறது. ஆச்சரியம் தர வேண்டிய சொல் பெயர்ச்சொல்லாக இருந்தால் அது வினைக்கு முன்னால் மாட்டிக்கொள்ளும். சிரிக்கத் தொடங்கும் நேரத்தில் பேச்சாளர் இன்னும் வினையை முடித்துக்கொண்டிருப்பார். ஒரு மாதிரியைப் பார்க்கலாம். புது சோபாவின் மேல் பெட்ஷீட் விரித்து, விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கும் அம்மாவைப் பற்றி ஒருவர் எழுதுகிறார். முதல் வடிவம் இப்படி இருக்கலாம்: "எங்க சோபா என்ன கலர்னு பக்கத்து வீட்டு மாமிக்கு மட்டும்தான் தெரியும், ஏன்னா அவங்க வரும்போதுதான் அம்மா பெட்ஷீட்டை எடுப்பாங்க." கருத்து நன்று. ஆனால் மாமி நடுவில் புதைந்துவிட்டார், விளக்கம் அவருக்குப் பின்னால் வருகிறது. திருத்தினால்: "விருந்தாளி வந்தாத்தான் அம்மா பெட்ஷீட்டை எடுப்பாங்க. ஏழு வருஷம் ஆச்சு. சோபா என்ன கலர்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்ச ஒரே ஆளு, பக்கத்து வீட்டு மாமி." விளக்கம் முன்னால் போயிற்று, மாமி கடைசிக்கு வந்தார். இதற்கு ஒரு டேக்: "போன மாசம் மாமியும் வீடு மாறிட்டாங்க. இப்ப சாட்சியே இல்ல." ஐந்து நிமிடம் கழித்து, பேச்சு அக்காவின் கல்யாணத்துக்குப் போகும்போது கால்பேக்: "அக்காவைப் பொண்ணு பாக்க வந்தாங்க. அவங்க எல்லாரும் அக்காவைப் பாத்தாங்க. நாங்க எல்லாரும் சோபாவைப் பாத்தோம்."

மேடை மொழி பேச்சுத்தமிழ்தான். அதிலும் பேசுபவரின் ஊர்த்தமிழ். நெல்லைக்காரர் சென்னை மேடைக்காக நெல்லைத் தமிழைத் துடைத்துவிட்டுப் பேசினால் கூடவே அவருடைய ஆளும் பாதி அழிந்துவிடும். எழுத்துத்தமிழுக்கும் இங்கே பயனுண்டு. பேச்சின் நடுவே திடீரென ஒரு வரியைச் செந்தமிழில் சொன்னால், அந்த மாற்றத்துக்கே சிரிப்பு வரும். ஆங்கிலத்தில் பேசினால்தான் சந்தை பெரிது என்ற எண்ணம் பத்தாண்டுக்கு முன் வலுவாக இருந்தது. ஆனால் இந்தி ஸ்டாண்ட்-அப் கலைஞர் ஜாகிர் கான் 2025-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முழுக்க இந்தியில் நிகழ்ச்சி நடத்தினார். தாய்மொழியில் சிந்திப்பவர் தாய்மொழியில் எழுதுவதே சரி. சென்னைக் கூட்டத்துக்குப் பழகிய ஆங்கிலக் கலப்பு தானாக வந்தால் வரட்டும்.

எதைப் பற்றி எழுதுவது? தினமும் எரிச்சலூட்டுவது, பயமுறுத்துவது, வெட்கப்பட வைப்பது, இந்த மூன்றிலிருந்தும் தொடங்கினால் சரக்கு தீராது. மனைவி கொடுமை, குண்டு உடம்பு, கறுப்பு நிறம், சாதிப் பேச்சு ஆகியவற்றைத் தமிழ்த் திரையும் தொலைக்காட்சியும் பல ஆண்டுகள் அரைத்துவிட்டன; அவற்றைத் தவிர்ப்பது நல்லது. அவற்றால் புண்படுகிறவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது முதல் காரணம். அந்த ஜோக்குகளைச் சொல்பவர் தன்னைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்பது இரண்டாவது காரணம். தொழிலுக்கு இரண்டுமே கெடுதல்.

எழுதியதைச் சேர்த்து வைக்கும் பழக்கத்துக்கு ஃபிலிஸ் டில்லரைச் சொல்ல வேண்டும். ஐந்து குழந்தைகளின் தாயான அவர் 1955-இல், 37 வயதில், சான் பிரான்சிஸ்கோவின் பர்ப்பிள் ஆனியன் கிளப்பில் மேடையேறினார். அவர் சிறு அட்டைகளில் தட்டச்சு செய்து, பொருள்வாரியாக இரும்பு அலமாரியில் அடுக்கிவைத்த ஜோக்குகள் 50,000-க்கும் மேல். அந்த அலமாரி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓர் அட்டைக்கு ஒரு ஜோக். சிரிப்பு என்பது வாய்ச் சாமர்த்தியம் என்று நினைப்பவர்கள் அந்த அலமாரியின் படத்தை ஒரு முறை பார்க்க வேண்டும். கைப்பேசிக் குறிப்புகளில் எழுதினாலும் சரி, நாற்பது பக்க நோட்டில் எழுதினாலும் சரி, நினைத்த அன்றே எழுதுவதும் வாரம் ஒருமுறை உட்கார்ந்து அடித்துத் திருத்துவதும்தான் முக்கியம்.

ஓபன் மைக்

ஓபன் மைக் என்பது யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பேசிப் பார்க்கும் பயிற்சி மேடை. காபி கடையின் மாடியிலோ, சிறு அரங்கிலோ, மதுக்கூடத்தின் ஒரு மூலையிலோ வார நாட்களில் நடக்கும். நடத்துபவர்கள் இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப் குழுவிலோ அறிவிப்பார்கள். ஒருவருக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம். பெரும்பாலும் பணம் கிடையாது. சில இடங்களில் பேசுகிறவரே சிறு கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

பெயர் கொடுப்பதற்கு முன் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளைப் பார்வையாளராக உட்கார்ந்து கவனிப்பது நல்லது. முதல் நாளுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் நான்கு நிமிடம் எழுதிக்கொண்டு போனால் போதும். சிரிப்பும் இடைவெளியும் மீதியைத் தின்னும். சிரிப்பே வராவிட்டால் சீக்கிரம் இறங்கிவிடலாம், அதுவும் ஒரு மரியாதைதான். இருப்பதில் இரண்டாவது சிறந்த ஜோக்கை முதலில் வைத்து, மிகச் சிறந்ததைக் கடைசிக்கு ஒதுக்குவது வழக்கம். முதல் சிரிப்பு இருபது நொடிக்குள் வர வேண்டும். ஊர், பெயர், "எல்லாரும் எப்படி இருக்கீங்க" என்று அரை நிமிடம் ஓட்டுவது தொடக்கக்காரர்களின் பொதுக் குறை. முதல் வரியும் கடைசி வரியும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். மேடைப் பயம் உள்ளவருக்கு இதைவிட நம்பகமான மருந்து இல்லை. பயம் முழுதாகப் போக வேண்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை; அமெரிக்கரான மிட்ச் ஹெட்பெர்க் கூட்டத்தைப் பார்க்கக் கூசி, கறுப்புக் கண்ணாடி போட்டும் தலையைத் தாழ்த்தியும்தான் பேசினார். அந்தக் கூச்சமே அவருக்கு அடையாளமாயிற்று.

சில சிறு விஷயங்கள் பெரிய வேறுபாட்டைத் தரும். மைக்கைக் கையில் எடுத்ததும் ஸ்டாண்டைப் பின்னால் நகர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆளுக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு கம்பி நிற்கும். மைக் வாயருகே அசையாமல் இருக்க வேண்டும். சிரிப்பு எழும்போது அது தணியத் தொடங்கும் வரை அடுத்த வரியைத் தொடக்கூடாது. சிரித்துக்கொண்டிருக்கும் கூட்டத்தின் மேல் பேசினால், சிரித்தால் அடுத்தது கேட்காது என்று அவர்கள் கற்றுக்கொண்டு சிரிப்பைக் குறைத்துவிடுவார்கள். நேரம் முடியப்போகிறது என்பதற்கு அறையின் பின்பக்கத்திலிருந்து கைப்பேசி விளக்கைக் காட்டுவார்கள். அதைக் கண்டதும் முடிக்கும் ஜோக்குக்குப் போய் இறங்கிவிட வேண்டும். நன்றாகச் சிரிக்க வைத்தும் மறுபடி மேடை கிடைக்காதவர்களில் பலர் இந்த விளக்கை மதிக்காதவர்கள். பேசி முடித்ததும் கிளம்பிவிடாமல் கடைசி ஆள் வரை உட்கார்ந்து கேட்பதும் எழுதப்படாத விதி.

ஒவ்வொரு முறையும் கைப்பேசியில் பதிவு செய்வது கட்டாயம். மேடையில் நிற்பவரின் நினைவு நம்பத்தக்கதன்று. நன்றாகப் போனதாக நினைத்த இடத்தில் இரண்டே பேர் சிரித்திருப்பார்கள். தோற்றதாக நினைத்த இடத்தில் ஒரு நல்ல சிரிப்பு இருந்திருக்கும். மறுநாள் பதிவைக் கேட்டு, சிரிப்பு வந்த இடங்களை நோட்டில் குறிக்க வேண்டும். நிமிடத்துக்கு நான்கு முதல் ஆறு சிரிப்பு என்பது கிளப் மேடைகளில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. புதியவருக்கு ஒன்று கிடைத்தாலும் போதும், அடுத்த வாரம் அது இரண்டானால் சரியான வழியில் போகிறார் என்று பொருள். சிரிப்பு வராத செட்டப் வரிகளை வெட்டுவதுதான் இதற்குக் குறுக்குவழி. முப்பது சொல்லில் சொன்னதைப் பன்னிரண்டு சொல்லில் சொன்னால் அதே ஜோக்குக்குச் சிரிப்பு கூடும்.

ஓபன் மைக்குக்கு நண்பர் பட்டாளத்தைக் கூட்டிப் போவது கூடாத பழக்கம். அவர்கள் அன்பால் சிரிப்பார்கள், பதிவு கெட்டுப்போகும். ஒரே ஜோக் ஒரு நாள் விழுந்தால் அதைத் தூக்கி எறிவதும் தவறு. வேறு வேறு கூட்டங்களில் நாலைந்து முறை சொல்லிப் பார்த்த பிறகே ஒரு ஜோக்கின் தரம் தெரியும். புது ஜோக்கை எப்போதும் தேறிய இரண்டு ஜோக்குகளுக்கு நடுவே வைத்துச் சோதிப்பது, மேடையையும் காப்பாற்றும். சிரிப்புக் கணக்கும் தெளிவாகக் கிடைக்கும்.

ஒரு சொல்கூட எடுபடாத இரவுகள் எல்லோருக்கும் வரும். அந்த நேரத்தில் கூட்டத்தைத் திட்டுவதும், "புரியலையா?" என்று கேட்பதும் அறையை முழுதாக இழக்கும் வழிகள். எழுதிக்கொண்டு வந்ததை நிதானமாகச் சொல்லி முடித்து, நன்றி சொல்லி இறங்குகிறவரை அமைப்பாளர்கள் நினைவில் வைப்பார்கள்.

நியூயார்க்கில் ஓர் இரவில் மூன்று நான்கு கிளப்களுக்கு ஓடிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் தொடங்குகிறவருக்கு அந்த வசதி இல்லை. சென்னையில் வாரத்துக்குச் சில மேடைகள் கிடைத்தால் பெரிது. மதுரையிலும் திருச்சியிலும் அதைவிடக் குறைவு. அதனால் இங்கே சொல்லத்தக்க அறிவுரைகளில் மிகப் பயனுள்ளது, மேடை இல்லாத ஊரில் மேடையை உண்டாக்குவது. செலவு அதிகமில்லை. வார நாளில் கூட்டம் குறைந்த ஒரு காபி கடை, முப்பது நாற்காலி, ஒரு ஒலிபெருக்கி, பேசுபவர் முகத்தில் விழும் ஒரே விளக்கு. நாற்காலிகளை நெருக்கிப் போட வேண்டும், முதல் வரிசை காலியாக விடக்கூடாது. சிரிப்பு தொற்றிப் பரவும் பொருள். இடைவெளி விட்டு உட்கார்ந்தவர்களிடம் அது பரவாது. கூட்டம் இருக்கும் இடம் இருட்டாக இருக்கட்டும், வெளிச்சத்தில் மனிதர்கள் சிரிக்கக் கூச்சப்படுவார்கள். தொலைக்காட்சியை அணைக்க வேண்டும். ஜூஸ் மிக்ஸி அரை மணி நேரம் ஓயட்டும். அமைப்பாளராக இருப்பவருக்கு வாரந்தோறும் மேடையும் கிடைக்கும், வெளியூர்க் கலைஞர்களின் பழக்கமும் கிடைக்கும். தொகுத்து வழங்கும் வேலை, கூட்டத்தோடு பேசிப் பழகுவதற்குச் சிறந்த பள்ளி.

கூட்டத்திலிருந்து குறுக்கே பேசுகிறவர்களைப் பற்றிப் புதியவர்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். பெரும்பாலானோர் கெட்ட எண்ணத்தோடு பேசுவதில்லை; குடித்திருப்பார்கள், அல்லது உதவுவதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். முதல் முறை கேளாததுபோல் கடப்பது, இரண்டாம் முறை சிரித்தபடி ஒரு வரி, அதற்கும் மேல் போனால் அமைப்பாளரின் பொறுப்பு. பார்வையாளரிடம் பேசிப் பேசியே நேரத்தை ஓட்டும் கிரௌட் வொர்க் சிறு வீடியோக்களால் இப்போது செல்வாக்குப் பெற்றிருக்கிறது. அது திறமைதான். ஆனால் அன்றைய கூட்டத்தோடு முடிந்துவிடும், கையில் நிமிடம் சேராது.

ஐந்திலிருந்து அறுபதுக்கு

ஐந்து நிமிடம் தேறுவதற்கே ஒழுங்காக மேடையேறுகிறவருக்குப் பல மாதம் ஆகும். பதினைந்து நிமிடத்துக்கு இரண்டு மூன்று ஆண்டு ஆனால் வியப்பில்லை. ஸ்டீவ் மார்ட்டின் தன் ஸ்டாண்ட்-அப் வாழ்க்கையின் 18 ஆண்டுகளைப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்: கற்றுக்கொள்ளப் பத்து, மெருகேற்ற நான்கு, பெரும் வெற்றியில் நான்கு. இளைஞர்கள் பார்ப்பது கடைசி நான்கை மட்டுமே.

நீளும்போது வேலையின் தன்மையும் மாறுகிறது. ஐந்து நிமிடத்துக்குத் தனித்தனி ஜோக்குகள் போதும். இருபது நிமிடத்தைத் தாண்டும்போது, இந்த ஆள் யார், இவருக்கு உலகம் எப்படித் தெரிகிறது என்று கூட்டம் கேட்கத் தொடங்கும். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு உள்ளோட்டமாக ஒரு கதையோ கேள்வியோ வேண்டும். பிரவீன் குமார் குடும்ப வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டார். அலெக்ஸாண்டர் பாபு திரையிசை மீதான காதலைப் பிடித்துக்கொண்டார். அப்படி ஒன்று முதல் ஆண்டிலேயே கிடைக்காது, தேடவும் வேண்டாம். நோட்டில் திரும்பத் திரும்ப எது வருகிறது என்று பார்த்தால் தானாகத் தெரியவரும்.

வேலையை விடலாமா?

வீட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான். நீண்ட காலத்துக்கு விடக்கூடாது என்பதே நேர்மையான விடை. மேடைகள் மாலையில்தான் நடக்கின்றன. பகல் வேலை அதற்குத் தடையில்லை. அதோடு, வேலையும் அலுவலகமும் வீட்டுக் கடனும் இல்லாத ஆளிடம் எழுதப் பொருளும் குறைவு. இங்கிலாந்தில் புகழ்பெற்ற ரொமேஷ் ரங்கநாதன், இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர், க்ராலியில் கணித ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே மேடையேறத் தொடங்கினார். அலெக்ஸாண்டர் பாபு மென்பொருள் துறையிலிருந்து வந்தவர். அமெரிக்கரான ராட்னி டேஞ்சர்ஃபீல்ட் இளமையில் தோற்று விலகி, வீட்டுச் சுவர்களுக்கு அலுமினியத் தகடு விற்று, நாற்பது வயதுக்கு மேல் திரும்பி வந்து வென்றார். 37 வயதில் தொடங்கிய டில்லரை மேலே பார்த்தோம். இதில் வயது தடையாவதில்லை. காசு நெருக்கடிதான் தடை. வாடகைக்காக மேடையேறுகிறவர் தேறிய பழைய ஜோக்கையே சொல்லிக்கொண்டிருப்பார், புதியதைச் சோதிக்கத் துணியமாட்டார்.

வருமானம் வரும் வழிகள் சில. டிக்கெட் நிகழ்ச்சிகளில் தொடக்கத்தில் பேசுகிறவருக்குச் சிறு தொகையே கிடைக்கும். தனி நிகழ்ச்சி நடத்தினால் அரங்க வாடகை, ஒலி ஒளி, டிக்கெட் தளத்தின் கழிவு எல்லாம் போக மீதிதான் கைக்கு வரும். இந்தியாவில் பலரின் அடுப்பை எரிய வைப்பது நிறுவனங்களின் ஆண்டு விழாக்களும் விற்பனையாளர் சந்திப்புகளும்தான். அங்கே கூட்டம் சிரிக்க வரவில்லை, சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறது. மேலதிகாரி முன்வரிசையில் இருப்பார். அரசியல், மதம், ஆபாசம் மூன்றும் கூடாது. யாரும் முகம் சுளிக்காத இருபது நிமிடம் தனியாக வைத்திருப்பவருக்கே அந்த வேலை கிடைக்கும். இவை தவிர விளம்பர எழுத்து, திரைப்படங்களுக்கு நகைச்சுவை எழுதுவது, நடிப்பு, தொகுப்புரை என்று பக்கக் கிளைகள் உண்டு.

எந்த நிகழ்ச்சியையும் வாய்ப்பேச்சில் ஒப்புக்கொள்ளக்கூடாது. தேதி, நேரம், எத்தனை நிமிடம், தொகை, முன்பணம், பயணமும் தங்குமிடமும் யார் பொறுப்பு, நிகழ்ச்சி ரத்தானால் என்ன, அவர்கள் வீடியோ எடுத்தால் அது யாருக்குச் சொந்தம் என்பதையெல்லாம் ஒரு மின்னஞ்சலிலாவது எழுதி வாங்க வேண்டும். நிறுவனங்கள் வரி பிடித்துக்கொண்டு பணம் தருவதால் பான் எண்ணும் ரசீது எழுதும் பழக்கமும் தேவை. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் சேர்ந்துகொள்ளும்.

"மேடை தருகிறோம், அதுவே சம்பளம்" என்ற பேச்சு உலகம் முழுக்க உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் காமெடி ஸ்டோரின் உரிமையாளர் மிட்சி ஷோர், கிளப்பை ஒரு கல்லூரிபோல நடத்துவதாகச் சொல்லிப் பேசுகிறவர்களுக்குப் பணம் தராமல் இருந்தார். கூட்டமோ காசு கொடுத்து நிறைந்துகொண்டிருந்தது. 1979-இல் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது இளைஞர்களாக இருந்த ஜே லெனோவும் டேவிட் லெட்டர்மேனும் அதில் இருந்தார்கள். முடிவில் ஒரு முறை மேடையேறுவதற்கு 25 டாலர் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. இந்தக் கதையிலிருந்து ஒரு நல்ல அளவுகோல் கிடைக்கிறது: பார்வையாளர் இலவசமாக வரும் மேடையில் இலவசமாகப் பேசலாம், டிக்கெட் விற்கும் மேடையில் சிறு தொகையாவது கேட்க வேண்டும்.

வீடியோவும் சட்டமும்

இணையத்தில் ஏற்றிய ஜோக் செலவழிந்த காசு. பார்த்தவர் அரங்குக்கு வந்து அதையே கேட்டால் ஏமாற்றமடைவார். பாட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. தெரிந்த பாட்டையே கேட்கக் கூட்டம் வரும். ஆகவே கையிருப்பு ஐந்து நிமிடமாக இருக்கும்போது அதை ஏற்றிவிடுவது விதைநெல்லைச் சமைப்பது போன்றது. இருபது முப்பது நிமிடம் சேர்ந்த பிறகு, அதில் நன்கு தேறிய ஐந்தாறு நிமிடத்தை நல்ல ஒலியோடும், கூட்டத்தின் சிரிப்பு தெளிவாகக் கேட்கும்படியும் பதிவு செய்து வெளியிடலாம். அமைப்பாளர்களுக்கு அனுப்ப, வெட்டாமல் எடுத்த ஐந்து நிமிட வீடியோ ஒன்று தனியாக இருக்க வேண்டும். திரைப்பாடல்களைப் பயன்படுத்துகிறவர் பதிவுக்கு முன்பே உரிமை பற்றிக் கேட்டுவிட வேண்டும்; வெளியான பிறகு முடக்கப்பட்டால் உழைப்பு வீண்.

எழுதிய ஜோக் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்துப் படைப்பாகக் காப்புப் பெறும், பதிவு கட்டாயமில்லை. ஆனால் காப்பு சொல்லப்பட்ட விதத்துக்குத்தான், கருத்துக்கு இல்லை. சோபா பெட்ஷீட்டைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதனால் திருட்டைத் தடுப்பது பெரும்பாலும் சட்டத்தைவிடக் கலைஞர்களின் ஊர்க்கட்டுப்பாடுதான். வாட்ஸ்அப் ஜோக்கையோ இன்னொருவர் வரியையோ எடுத்தவர் என்று பெயர் வந்துவிட்டால் சிறிய வட்டத்தில் அது அழிவதில்லை.

மத உணர்வைப் புண்படுத்துதல், அவதூறு, சாதி இழிவு ஆகியவை தண்டனைக்குரிய குற்றங்கள். ஸ்டாண்ட்-அப் கலைஞர் முனாவர் ஃபரூக்கி 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் கைதாகி, பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் தரும் வரை ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். அதிகாரத்தில் இருப்பவர்களைப் பேசுவது இந்தக் கலையின் உரிமை, அதைக் கைவிடச் சொல்வது சரியில்லை. பேசுகிறவர் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு எழுதியிருக்க வேண்டும், முழுப் பதிவையும் தன்னிடம் வைத்திருக்க வேண்டும், தெரிந்த வழக்கறிஞர் ஒருவரின் எண்ணும் கையில் இருக்க வேண்டும். வெட்டி ஒட்டிய இருபது நொடி வீடியோவுக்கு முழுப் பதிவே பதில்.

பெண்களுக்கு இந்தத் தொழிலில் கூடுதல் சுமை இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு முடியும் மேடை, மதுக்கூடம், தனியாகத் திரும்பும் பயணம், பத்துப் பேர் பேசும் வரிசையில் ஒரே பெண்ணாக நிற்பது, பிறகு வீடியோவுக்குக் கீழே வரும் வசை. இதற்கு ஈடுகொடுக்கும் பொறுப்பை அவர்கள் மேலேயே போடுவது நியாயமில்லை. அமைப்பாளர்கள் அவர்களுக்கு வரிசையில் முன்னிடம் தருவதும், திரும்பும் வண்டிச் செலவை ஏற்பதும், அத்துமீறும் பார்வையாளரை உடனே வெளியேற்றுவதும் செய்யக்கூடிய காரியங்களே. பெண்கள் மட்டும் பேசும் ஓபன் மைக்குகள் சில நகரங்களில் நடக்கின்றன; தொடங்குவதற்கு அவை நல்ல இடம்.

ஒரு மணி நேரம் முழுதாகத் தேறி, ஊர் ஊராகப் போய், கடைசியில் ஓடிடி தளத்திலோ யூடியூபிலோ சிறப்பு நிகழ்ச்சியாக வெளிவந்துவிட்டால், அந்தச் சரக்கு மேடையிலிருந்து ஓய்வு பெறுகிறது. கலைஞர் மறுபடி வெறும் கையோடு நிற்பார். ஜெர்ரி சைன்ஃபெல்ட் 1998-இல் தன் பழைய ஜோக்குகள் அனைத்தையும் கடைசி முறையாகச் சொல்லி ஒதுக்கிவைத்தார். பிறகு என்ன நடந்தது என்பதை 2002-இல் வெளிவந்த 'காமெடியன்' என்ற ஆவணப்படம் காட்டுகிறது. உலகமே அறிந்த, கோடிகளில் சம்பாதித்த அந்த மனிதர் நியூயார்க்கின் சிறு கிளப்களில் குறிப்புத் தாளோடு நிற்கிறார். நடுவில் அடுத்த வரி மறந்துபோய் மேடையில் திகைக்கிறார். இறங்கி வந்து மற்றக் கலைஞர்களோடு உட்கார்ந்து, இன்று எத்தனை நிமிடம் தேறியது என்று கணக்குப் பார்க்கிறார்.